நூறாண்டு வாழ்ந்த அறிவுத் தொண்டர்



மின்னிரசாயனத் துறையில் நெடுங்காலம் உழைத்த பேராசிரியர் ஜோன் குடினஃப் அவர்களை இன்று நாம் நினைவுகூருகின்றோம். 1922 ஆம் ஆண்டிற் பிறந்த அப்பெரியார், நூறு வயது நிரம்பியபின் 2023 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மறைந்தார்.

இளமையில் அவருக்கு வாசிப்பே பெரும் இடராக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது வானிலை அவதானியாகக் கடமையாற்றியபின், சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் பௌதிகம் பயிலச் சென்றார். இத்துறையிற் சாதித்தோர் அவருடைய வயதுக்குள் சாதித்து முடித்துவிட்டனர் என்ற கருத்துப்பட அங்கே பேராசிரியர் ஒருவர் கூறினாராம். குடினஃப் மனந்தளரவில்லை, 1952 இற் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அவருடைய தலையாய கண்டுபிடிப்பு 1980 இல், அறுபதை அணுகும் வயதில், ஒக்ஸ்போட்டிலே நிகழ்ந்தது. இலித்தியம் கோபாற்று ஒட்சைட்டு என்னும் படைபடையான பொருளை மின்கலத்தின் நேர்முனையாக அமைத்தால், ஏறத்தாழ 4 வோற்று அழுத்தம் கிடைக்கும் என்று அவரும் அவர்தம் குழுவினரும் காட்டினர். மின்னேற்றும்போது இலித்தியம் அயன்கள் அப்படைகளிலிருந்து நீங்கி மறுமுனையை அடையும். மின்னைப் பயன்படுத்தும்போது மீண்டும் வந்து புகும். யப்பானிய அறிஞர் அக்கிரா யொஷினோ 1985 இல் மறுமுனைக்குக் காபன் பொருளைப் பயன்படுத்தினார். 1991 இல் இக்கலம் சந்தைக்கு வந்தது. இன்று நம் கைத்தொலைபேசிகள் இயங்குவது இத்தகைய கலங்களினாலேயே.

இதனால் விளைந்த பெருஞ்செல்வத்தில் அவர் பங்கு பெறவில்லை. அதற்காக ஆய்வை நிறுத்தவுமில்லை. அவர் கிறிஸ்தவ சமயப் பற்றுடையவர். எனினும், கீதை போற்றும் பலன் கருதாப் பணியை அவர் வாழ்விலே நாம் காண்கின்றோம்.

2019 இல், 97 ஆவது வயதில், நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அத்துணை முதிய வயதில் அப்பரிசைப் பெற்றோர் அதற்குமுன் எவருமிலர். அவருக்காகச் சுவீடனில் நோபல் பேருரையை ஆற்றியவர், அவரோடு நெடுங்காலம் பணியாற்றிய தமிழரான பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம் என்பது நமக்குப் பெருமிதம் தருவதாகும்.

பெரியோர்களே, வாசிக்க இடர்ப்படும் பிள்ளையை மந்தன் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இளைஞர்களே, ஒரு பரீட்சை தவறியதும் காலம் கடந்துவிட்டதென்று சோர்ந்துவிடாதீர்கள். இவ்விரண்டையும் நாம் கடைப்பிடிப்பதே அப்பெரியாருக்குச் செய்யும் மெய்யான அஞ்சலியாகும்.