மலையையும் பார்ப்போம், மலைப் பெண்களையும் பார்ப்போம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



"எல்லாரும் சேர்ந்து கொல்லிமலை போய்ட்டு வரலாமா?" என்று சில குழுக்களில் பேச்சு வந்திருக்கிறது. உடனே வீட்டில், "குழு எதுக்கு? ஊர் சுத்தவா?" என்ற கேள்வியும் வந்திருக்கும். இதற்கு நாம் கோபப்பட வேண்டாம். போய் வந்து பதில் சொல்லுவோம்.

முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அடிவாரம் காரவள்ளி. அங்கிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் வாந்தி வரும் அக்காமார்கள் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே பெரியகோவிலூரில் அறப்பளீஸ்வரர் கோயில். இங்கே அறுத்த மீன் மறுபடி ஒட்டி உயிரோடு நீந்தியது என்று தலக்கதை சொல்வார்கள். பக்கத்திலேயே ஆகாய கங்கை அருவி, ஏறத்தாழ 300 அடி உயரம். ஆயிரம் படிக்கு மேல் இறங்க வேண்டும். இறங்குவது சுலபம், ஏறுவதுதான் கஷ்டம். மூட்டுவலி, நெஞ்சுவலி உள்ளவர்கள் கோயிலோடு நின்றுவிடலாம். எட்டுக்கை அம்மன் கோயிலும் உண்டு. சிரித்தே பகையை அழித்த கொல்லிப்பாவை என்பது இந்த அம்மனைத்தான் என்பார்கள்.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருவர், இந்த மலையை ஆண்டவர். ஆடி 17, 18 தேதிகளில் அரசு விழா எடுக்கிறது. சோளக்காட்டுச் சந்தையில் பலா, வாழை, மிளகு எல்லாம் கிடைக்கும்.

இத்தோடு திரும்பினால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம்.

அந்த மலையில் வாழ்கிறவர்கள் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பேசுவது நம்ம தமிழ்தான். சாமை, தினை, கேழ்வரகு அவர்கள் தலைமுறையாகச் சாப்பிட்டது. பிறகு மரவள்ளிக்கு ரொக்கப் பணம் கிடைத்ததால் சாமைக் காடு சுருங்கியது. இன்னொரு காரணமும் உண்டு. சாமையை உரலில் போட்டுக் குத்தி உமி நீக்குவது பெண்கள் தலையில் விழுந்த வேலை. இடுப்பு ஒடிகிற வேலை. ரேஷன் அரிசி வந்ததும் யார்தான் குத்துவார்கள்?

1990-களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வேலை செய்தது. கிராமத்திலேயே உமி நீக்கும் இயந்திரம் வந்தது. நம்மைப் போன்ற குழுப் பெண்கள் அதை நடத்தினார்கள். மாவு, மிக்ஸ் என்று பொட்டலம் போட்டு விற்கக் கற்றுக்கொண்டார்கள். பாரம்பரிய விதைகளையும் சேர்த்து வைத்தார்கள். ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததற்குப் பல வருஷம் முன்னாடி நடந்தது இது.

ஆகவே சகோதரிகளே, போவதற்கு முன் நான்கு முடிவு எடுப்போம்.

ஒன்று, குழுச் சேமிப்பிலும் சுழல் நிதியிலும் கை வைக்க வேண்டாம். பயணத்துக்கென்று மாதம் 50 ரூபாய் தனியாகப் போடுவோம். பத்து மாதத்தில் ஆளுக்கு 500 ரூபாய். தீர்மானப் புத்தகத்திலும் எழுதுவோம்.

இரண்டு, தேனோ மிளகோ சாமையோ, மலைப் பெண்கள் கையில் வாங்குவோம். அநியாயமாகப் பேரம் பேச வேண்டாம். நம்ம பொருளுக்கு நாம் கேட்கிற விலைதானே அதுவும்!

மூன்று, பிளாஸ்டிக் பையும் தட்டும் மேலே போகக் கூடாது. 2019-லிருந்து தமிழ்நாட்டில் தடையும் இருக்கிறது. துணிப்பை, எவர்சில்வர் தட்டு போதும்.

நான்கு, அங்குள்ள ஒரு குழுவோடு ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பேசுவோம். இயந்திரம் பழுதானால் யார் செலவு செய்கிறார்கள், விலையை எப்படி வைக்கிறார்கள், விற்காத சரக்கை என்ன பண்றாங்க என்று கேட்போம்.

கேட்டதை அடுத்த கூட்டத்தில் வராத உறுப்பினர்களுக்கும் சொல்லுவோம். "ஊர் சுத்தவா?" என்று கேட்ட வீட்டுக்காரருக்கும் சாமைச் சோறு போட்டுச் சொல்லுவோம்.