முச்சையும் மூக்கும்

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றியவர்களுக்கு, பட்டத்தின் முகத்தில் கட்டும் நூலான முச்சையின் அருமை தெரியும். முச்சை பிசகிப் பட்டம் மல்லாந்துவிட்டால், எவ்வளவு காற்றடித்தாலும் தள்ளாடித்தான் விழும்.

விமானத்துக்கும் அதே கதைதான். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறக்குறைய 15 பாகையைத் தாண்டினால், அதன் மேற்புறத்தைத் தழுவி ஓடும் காற்று பிரிந்துவிடும். தூக்குவிசை சட்டென்று குறையும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். எஞ்சின் நின்றுபோவது அல்ல.

2023 ஜனவரி 15, அதுவும் ஒரு தைப்பொங்கல் நாள். நேபாளத்தின் பொக்காராவில் நடந்த விமான விபத்தில் 72 உயிர்கள் போயின. இறங்கும் நேரத்தில் தவறான நெம்புகோல்களை இழுத்ததால் உந்துவிசை அற்று, வேகம் குறைந்து, விமானம் ஸ்டால் ஆகிச் சரிந்தது. சென்னையிலிருந்து நம் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வரும் அதே ஏ.டி.ஆர் 72 வகை. அந்தச் செய்தி இன்னும் என் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

ஸ்டாலைத் தவிர்க்க, இறங்கும்போது விமானி வேகமானியில் கண் வைத்திருக்க வேண்டும். தாழப் பறக்கையில் அதிகமாகச் சாய்ந்து திரும்பக் கூடாது. ஸ்டால் நெருங்கினால் இவ்வகை விமானத்தில் விமானியின் கைப்பிடி தானாகவே நடுங்கும். உடனே மூக்கைத் தாழ்த்த வேண்டும். ஆனால் நிலம் கிட்ட வரும்போது கை மேலே இழுக்கத்தான் துடிக்கும். அதனால்தான் சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள்: முதலில் மூக்கு, பிறகுதான் உந்துவிசை.