பிள்ளைகள் மனம் திறக்க ஒரு பீரியடு வேண்டும்!

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி பற்றிப் பேச வேண்டிய மேடையில் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏன் பேசுகிறோம் என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

நன்றாகப் படித்து வந்த பெண் திடீரென்று வகுப்பில் தூங்கி வழிகிறாள். திங்கட்கிழமைதோறும் வருவதில்லை. மார்க் இறங்குகிறது. வீட்டில் கடன். மில் தரகன் வந்து, மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டிப் போயிருக்கிறான். சுமங்கலித் திட்டம் என்று ஊரறிந்த அதே வலைதான். இதை அவள் யாரிடம் சொல்வாள்? நாம் ஷிப்டு முடிந்து வரும்போது பிள்ளை உறங்கிவிடுகிறது. நடவுக்குப் போகும் தாய் விடியுமுன் கிளம்பிவிடுகிறாள். பகல் வெளிச்சத்தில் தினமும் அந்த முகத்தைப் பார்க்கிறவர் வகுப்பாசிரியர்தான்.

அவர் தயாராக இருக்கிறாரா? மனமுள்ளவர்கள் பலர். பயிற்சிக் கல்லூரியில் உளவியல் படித்துப் பரீட்சையும் எழுதியவர்கள். ஆனால் அழுகிற பிள்ளையிடம் என்ன கேட்பது, எதை ரகசியமாகக் காப்பது, எப்போது டாக்டரிடம் அனுப்புவது என்று பழக்கிக் கொடுத்தது குறைவு. மிச்ச நேரத்தை ரிஜிஸ்தரும் எமிஸ் பதிவும் தின்றுவிடுகின்றன.

1964-66 கோத்தாரி கமிஷனே, வழிகாட்டுதல் எல்லா மாணவருக்கும் உரியது, ஆரம்பப் பள்ளியிலேயே தொடங்க வேண்டும் என்றது. 10 உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு ஆலோசகர், எளிய காரியங்களை ஆசிரியரே கவனிப்பது என்று குறைந்தபட்சத் திட்டமும் சொன்னது. இன்று 14417 என்ற தொலைபேசி உதவி உண்டு. நல்லதுதான். ஆனால் போன் பிள்ளையின் முகத்தைப் பார்க்காது.

நம் மீதும் குற்றமுண்டு. "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள், ஐயா" என்று சொல்லி விட்டுவந்தவர்கள் நாம்தானே! அடியையும் மனத் துன்புறுத்தலையும் 2009 கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துவிட்டது. பிரம்பெடுத்த கையிடம் எந்தப் பிள்ளை மனம் திறக்கும்? சாதி பார்த்துப் பழகும் வாத்தியாரிடமும் (சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள்) திறக்காது.

அதே சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அந்த இடங்களில் நாம் போய் உட்கார வேண்டும். பிள்ளைகளோடு பேசவென்று வாரம் ஒரு பீரியடு ஒதுக்கு, ஆசிரியருக்குப் பயிற்சி கொடு, குமாஸ்தா வேலைக்குக் குமாஸ்தாவைப் போடு என்று கேட்க வேண்டும். எமிஸ் வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லி ஆசிரியர் சங்கங்களும் குரல் கொடுத்திருக்கின்றன. அவர்களோடு சேர்ந்து நிற்போம்.

கூட்டம் பகலில் நடந்தால் நமக்கு ஒருநாள் கூலி போகும். விடுமுறை நாளில் நடத்தச் சொல்லி முதல் தீர்மானத்தை அங்கே கொண்டுவருவோம்.