வளவிற்கு வந்த வல்லூறு

யாழ்ப்பாணத்து வளவு ஒன்றிலே காலை ஏழு மணிக்கு அமைதியென்பது கிடையாது. புலுனிகள் வேம்பின்கீழ்ச் சருகைக் கிளறித் தமக்குள் வாதிட்டுக்கொண்டிருக்கும். காகம் கிணற்றடியிலே கரையும். கோழி தன் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு வேலியோரம் திரியும். திடீரென அணில் ஒன்று விடாது கீச்சிட, மற்றையவை யாவும் வாயடைத்துப் பதுங்குமாயின், அப்பொழுது மெல்ல அண்ணாந்து பாருங்கள். வல்லூறு வந்து எங்கேனும் ஒரு கொப்பிலே அமர்ந்திருக்கும்.

எங்கள் வளவிற்கு அது வரத்தொடங்கியது 2018 ஆம் ஆண்டு தை மாதத்திலே. புறாவின் பருமனுடையது, அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை ஓரடிக்குச் சற்றுக் குறைவு. முதுகு சாம்பல் நிறம். மார்பிலே செங்கபிலக் குறுக்குக் கோடுகள். வளர்ந்த ஆணின் கண் சிவந்திருக்கும். பெண்ணின் கண் பெரும்பாலும் மஞ்சளாயிருக்கும். பெண்ணே உடலாற் பெரியது. ஓணான், அணில், சிறு குருவி, எலி, தும்பி ஆகிய யாவும் அதற்கு உணவாகும். கோழிக்குஞ்சையும் அது விட்டுவைப்பதில்லை என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

இப்பறவைக்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்த வரலாற்றிலே நம் நாட்டிற்கு ஒரு பங்குண்டு. 1776 இலே பீட்டர் பிரவுண் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட நூலில் இலங்கை வல்லூற்றின் படமும் வருணனையும் இடம்பெற்றன. அவற்றை ஆதாரமாகக் கொண்டே 1788 இலே கிமெலின் என்னும் ஜேர்மானிய அறிஞர் அதற்குப் பெயர் சூட்டினார். படம் ஒன்றே இப்பறவையை மேலைநாட்டு அறிஞருக்கு அறிமுகஞ் செய்தது என்பதை அறிந்தபொழுது, கமராவும் கையுமாக நான் அலைந்ததற்கு ஒரு நியாயம் அகப்பட்டதுபோல மகிழ்ந்தேன்.

அம்மாவுக்கு அந்த நியாயம் புரியவில்லை. "தம்பி, கல்லெறிஞ்சு கலைக்கிறதை விட்டுப்போட்டு அதுக்குப் படம் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்" என்று குஞ்சுகளைக் கூடையால் மூடியபடியே கண்டிப்பார்.

முதல் மாதத்திலே எனக்குக் கிடைத்தவையெல்லாம் வெறுங் கொப்புகளின் படங்களே. கமராவைக் கண்ணருகே உயர்த்தும் அந்தச் சிறு அசைவே பறவைக்குப் போதும். அடுத்த கணம் அங்கே கொப்பு மாத்திரம் ஆடிக்கொண்டிருக்கும். பின்னரே வீட்டையே மறைவிடமாகக் கொள்ளக் கற்றேன். அறையை இருட்டாக்கி, யன்னலிலே பழஞ்சேலை ஒன்றைத் தொங்கவிட்டு, அதிலுள்ள துவாரத்தினூடாக வில்லையை நீட்டி, முக்காலியிலே கமராவைப் பொருத்திவிட்டு விடியுமுன்னரே அமர்ந்துவிட வேண்டும். வானத்தைப் பின்னணியாகக் கொண்டு அமரும் பறவை படத்திலே கரிக்கட்டிபோற் காணப்படும். ஆகையால் வெளிச்சத்தைக் கமரா கணிப்பதிலும் சற்று மிகுதியாக விடுதல் வேண்டும். பறக்கும்போது எடுப்பதாயின் செக்கனில் ஆயிரத்திலொரு பங்கும் சில வேளைகளில் நீண்ட நேரமே. இவையெல்லாம் பழக்கத்தால் வரும். பொறுமைதான் எனக்கு எளிதில் வரவில்லை.

பங்குனியிலே பெண் பறவையும் வந்து சேர்ந்தது. இரண்டும் பின்வளவு மாமரத்தின் உச்சியிற் சுள்ளிகளைச் சேர்த்துக் காகக் கூட்டைப் போன்ற ஒரு கூட்டைக் கட்டின. பெண் அடைகாக்க, ஆண் இரை கொணர்ந்தது. எனது யன்னலிலிருந்து பார்த்தால் கூடு தெரியும். ஆனால் குறுக்கே இலைக்கொத்துகள் மூன்று நான்கு இருந்தன. பறவையின் தலை தெரிந்தால் வால் தெரியாது. வால் தெரிந்தால் கண் தெரியாது. பத்து நாள்கள் பொறுத்தேன். பதினோராம் நாள், பெண் சற்று அகன்ற வேளையிலே, கொக்கத்தடியை எடுத்து அந்த இலைக்கொத்துகளை அறுத்து வீழ்த்தினேன்.

அன்று மாலை எடுத்த படம் இதுவரை நான் எடுத்தவற்றுள் மிகத் தெளிவானது. மஞ்சட் கண்ணிலே வானத்தின் ஒளிப்பொட்டுக் கூடத் தெரிகிறது. ஆயின் எனக்கு மறைப்பாயிருந்த அவ்விலைகளே கூட்டிற்கு நிழலாயும் காவலாயும் இருந்தன என்பதை நான் சிந்திக்கவில்லை. மூன்றாம் நாட் காலை காகங்கள் கூடிவிட்டன. வல்லூறு இரண்டும் சீறிச்சீறிப் பாய்ந்தன. ஒன்றைத் துரத்தும்போது மற்றொன்று கூட்டருகே இறங்கியது. நான் ஓடிக் கல்லெறிந்தும் பயனில்லை. மரத்தடியிலே நீலங்கலந்த வெள்ளை ஓட்டுத் துண்டுகள் கிடந்தன. அடுத்த வாரம் அப்பறவைகளின் குரல் எங்கள் வளவிலே கேட்கவில்லை.

பறவைப் படப்பிடிப்பிலே புகழ்பெற்ற எரிக் ஹொஸ்கிங் 1937 இலே வேல்சு நாட்டில் ஆந்தை ஒன்றைப் படமெடுக்கச் சென்றபோது, அது பாய்ந்து தாக்கியதால் இடக்கண்ணை இழந்தார். அதன்பின்னரும் பல்லாண்டு பறவைகளைப் படமெடுத்தார். அவர் கதையை வாசிக்கும்போதெல்லாம், எனது கொக்கத்தடிக்கு விலை கொடுத்தது நானல்லவே என்ற எண்ணம் வந்து நிற்கும். நண்பர் ஒருவர் அந்தத் தெளிவான படத்தைக் கண்காட்சிக்குக் கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை. என்ன காரணம் என்றும் அப்பொழுது அவருக்குச் சொல்லவில்லை.

2020 ஆம் ஆண்டிலே, ஊரெல்லாம் வீட்டுக்குள் அடங்கியிருந்த நாட்களில், பக்கத்து வளவு வேம்பிலே ஒரு சோடி கூடு கட்டியது. அவையே இவையோ, நான் அறியேன். நான் கூட்டின் பக்கமே போகவில்லை. விறாந்தையிலே பாயை விரித்து, தூணோடு சாய்ந்து, எங்கள் முருங்கைக்கு ஆண் பறவை இரையோடு வரும் வேளையை மாத்திரம் பார்த்திருந்தேன். பத்தொன்பது காலைகளின்பின் ஒரு படம் கிடைத்தது. காலிலே ஓணான், வாலின் பாதி முருங்கையிலைக்குப் பின்னால், சிறகின் நுனி சற்று மங்கல்.

அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் அதைப் பார்த்தார். "கண் சிவப்பாயிருக்கு, அப்ப இது ஆண் எல்லே" என்றார். அந்த வருடம் எட்டுக் குஞ்சுகளில் ஒன்று வல்லூற்றுக்கும் இரண்டு கீரிக்கும் போய்விட்டன என்ற கணக்கையும் சொல்லி, படத்தைச் சமையலறைச் சுவரிலே ஒட்டச் சொன்னார். குஞ்சுகளை எண்ணும்போது கள்வனின் முகம் தெரிய வேண்டுமாம்.