அழைப்பு யாருக்குப் போகிறது?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உடன் சேர்ந்த 11 கோட்டைகளும் மகாராஷ்டிரத்தில். அதனால் செஞ்சியில் நடக்கும் கூட்டங்களுக்கு இனி வெளியூர் அதிகாரிகளையும் மின்னஞ்சலில் அழைக்க வேண்டிவரும். அழைப்பு வேறொருவருக்குப் போய்விட்டால்?

அவுட்லுக்கில் இரண்டு எழுத்து தட்டியதுமே பழைய முகவரி வந்து நிற்கும். அது மாறுதலாகிப் போனவருடையதாக இருக்கலாம். பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் நீங்கிவிடும்.

முகவரி சரியாக இருந்தும் சம்பந்தமில்லாதவருக்கு அழைப்பு போவதுதான் பெரிய குழப்பம். அதிகாரி தன் காலண்டரைக் கவனிக்க உதவியாளருக்கு என்றோ உரிமை கொடுத்திருப்பார். உதவியாளர் வேறு பிரிவுக்குப் போயும் அந்த உரிமை நீக்கப்பட்டிருக்காது; அதனால் அழைப்பு அவருக்கும் போகும். அனுப்பியவர் எத்தனை முறை மறுபடி அனுப்பினாலும் இது தீராது, பாவம் அவர் மேல் பிழையே இல்லை. அதிகாரியின் கணினியில், அவுட்லுக்கின் ‘டெலிகேட் ஆக்சஸ்’ பகுதியில் பழைய பெயரை எடுக்க வேண்டும். மாறுதல் உத்தரவு வந்ததும் சாவி, கோப்பு ஒப்படைக்கும் பட்டியலிலேயே இதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.