ராசிபுரத்தின் இரண்டு தட்டுகள்

ராசிபுரம், நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணைகளிலும் ஆலைகளிலும் பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களின் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் ஊர் உணவில் நல்ல சத்து உண்டு. பீகாரில் கரைத்துக் குடிக்கும் வறுத்த கொண்டைக்கடலை மாவில் 100 கிராமுக்கு சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. ஒடிசாவின் பகாளா நம் பழைய சோறேதான். ஆனால் வந்த இடத்தில் சமைக்க நேரமும் வசதியும் குறைவு. அதனால் சோறும் உருளைக்கிழங்குமே பலருக்கு அன்றாட உணவாகிவிடுகின்றன.

உள்ளூர்க்காரர்களும் சத்தான உணவில் பெரிதாகத் தேறவில்லை. களியும் கம்பங்கூழும் உண்டு வளர்ந்த வட்டாரம் இது. பக்கத்துக் கொல்லிமலையில் சாமையும் தினையும் இன்றும் விளைகின்றன. ஆனாலும் வெள்ளைச் சோறும் புரோட்டாவுமே முந்திக்கொள்கின்றன. இது வருத்தத்துக்குரிய இழப்பு.

இரு தரப்புக்கும் எளிதில் கிடைப்பது நாமக்கல் முட்டை. ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம். அதோடு, நாளுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனி வேண்டும், உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு ரேஷனும் கைகொடுக்கும். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் தொடங்கியது. தகுதியுள்ள வெளிமாநிலத் தொழிலாளர்கள் இங்குள்ள ரேஷன் கடையிலேயே தானியம் வாங்கலாம். தெரியாதவர்களுக்கு அக்கம்பக்கத்தார் எடுத்துச் சொல்ல வேண்டும்.