பல்லாண்டு படிக்க வேண்டிய படிப்பு

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



"பழைய ஞாபகங்களைச் சொல்லுங்க மேடம், அது போதும்" என்றார் நம் செயலாளர். ஞாபகத்தை ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும். அதனால் ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

1984-ல் உள்ளே வந்து 1989-ல் வெளியே போன செட் எங்களுடையது. முதல் வருஷம் மெழுகுக் கட்டியில் பல் செதுக்கினோம். அப்புறம் பல் அடைக்கும் டிபார்ட்மென்ட். வெள்ளித் தூளையும் பாதரசத்தையும் கல்வத்தில் போட்டு அரைப்போம். உள்ளங்கையில் வைத்துப் பிசைவோம். துணியில் முறுக்கிப் பிழிவோம். மிஞ்சிய பாதரசம் முத்து முத்தாகத் தரையில் ஓடும். அதைக் காகிதத்தால் துரத்திப் பிடித்து விளையாடுவோம். கையுறை பற்றி யார் நினைத்தது! இன்று நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

அந்த வெள்ளி அடைப்புதான் நம் தலைமுறைக்குச் சோறு போட்டது. 2013-ல் கையெழுத்தான மினமாட்டா ஒப்பந்தம் பாதரசத்தைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. 2018-ல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் அமால்கம் வைப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று 2022-ல் ஒப்பந்த நாடுகள் முடிவெடுத்தன. டாக்டர் அவசியம் என்று கருதினால் மட்டும் விதிவிலக்கு. 2025 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய யூனியனில் அநேகமாக யாருக்குமே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்கு நாம் கைதேர்ந்திருந்த ஒரு வேலை, நம் கண் முன்னாலேயே உலகத்தை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

போகட்டும், வெள்ளைச் சிமெண்ட் இருக்கிறதே என்கிறீர்களா? அங்கேதான் என் கதை ஆரம்பிக்கிறது.

நான் பிராக்டிஸ் செய்வது கோவில்பட்டியில். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாய் எங்கள் ஊர் மிட்டாய்தான். "ஊருக்கு அது சொத்து, உனக்கு அது சொத்தை" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். 2009-ல் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் அம்மா, தன் 13 வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை. தானாக வலி இல்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் மட்டும் கூச்சம். எக்ஸ்ரேயில் வேர் நுனி சுத்தமாக இருந்தது. நரம்பு உயிரோடிருக்கிற பல்.

நான் என்ன செய்தேன்? படித்ததைச் செய்தேன். மெத்தென்று இருப்பதையெல்லாம் எடு, எக்ஸ்ப்ளோரர் கீறினால் 'கிறீச்' என்று சத்தம் வரும்வரை எடு. அதுதானே அன்றைய பாடம்? சுரண்டினேன். ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது. பல்ப் திறந்துவிட்டது.

"வேர் சிகிச்சை செய்யணும்மா, மூணு நாலு தடவை வரணும்" என்றேன். அந்த அம்மா கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நாள் கூலி, அதற்கு மேல் என் ஃபீஸ். "பார்த்துட்டு வாரேன் டாக்டரம்மா" என்று போனார். வரவில்லை. வேறு ஓர் இடத்தில் அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. என் மேல் தப்பு என்று அப்போது தோன்றவே இல்லை. சொத்தை ஆழம், நான் என்ன செய்ய முடியும் என்று இருந்துவிட்டேன்.

2017-ல் மதுரையில் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு. உண்மையைச் சொல்லட்டுமா? புள்ளிக்காகத்தான் போனேன். பதிவைப் புதுப்பிக்க நேரம் வந்துவிட்டது. கடைசி வரிசை, ஒரு பை, மதியச் சாப்பாடு, சாயங்காலம் சர்டிபிகேட். இங்கே சிரிப்பவர்கள் எல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்!

ஆனால் அந்த வகுப்பில் கடைசி வரிசையே இல்லை. எல்லோருக்கும் முன்னால் பிடுங்கிய பல் ஒன்றும், ஒரு மைக்ரோமோட்டாரும். சொல்லிக் கொடுத்த பெண் நம் கல்லூரிதான். எனக்கு இருபது வருஷம் ஜூனியர். ஆழமான சொத்தையில் ஓரங்களை மட்டும் கெட்டியாக, சுத்தமாக எடுங்கள், பல்ப்புக்கு மேலே மெத்தென்று இருப்பதை விட்டுவிடுங்கள், மேலே நன்றாக ஸீல் பண்ணுங்கள் என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சொத்தையை உள்ளே வெச்சு மூடறதா? அது வீட்டுக்குள்ள திருடனை வெச்சுப் பூட்டற மாதிரி இல்லையா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "திருடனுக்குச் சோறு போற வழியை அடைச்சிடறோம் மேடம். வெளியேருந்து சர்க்கரை போகலேன்னா கிருமி உள்ளே ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். அப்புறம் ரொம்ப மரியாதையாக ஒன்று கேட்டாள்: "இதுவரை உங்க கையில எத்தனை பல்லுல பல்ப் திறந்திருக்கு மேடம்?"

என்னிடம் கணக்கு இல்லை. இருபத்தெட்டு வருஷ பிராக்டிஸ், கணக்கு இல்லை!

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் மெர்ட்ஸ் ஃபேர்ஹர்ஸ்ட் என்ற அம்மையாரும் அவர் குழுவும் சொத்தையை எடுக்காமலே மேலே காம்போசிட் வைத்து ஸீல் செய்து, பத்து வருஷம் பார்த்திருக்கிறார்கள். ஸீல் நன்றாக இருந்த பற்களில் சொத்தை வளரவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட சொத்தைகள் நான் பார்த்த பெண்ணுடையது அளவுக்கு ஆழம் இல்லைதான். ஆனால் அடிப்படை நிரூபணமாகிவிட்டது. அந்த முடிவு அச்சானது 1998-ல். நான் அந்தப் பெண்ணின் பல்லைத் தோண்டியது 2009-ல். நடுவில் பதினோரு வருஷம்! 2016-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி, ஆழமான சொத்தையில் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஒருமித்துச் சொல்லிவிட்டார்கள். 2023-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டு நெறியும் அதையே சொன்னது.

ஒன்றைக் கவனமாகச் சொல்லிவிடுகிறேன். இது எல்லாப் பல்லுக்கும் அல்ல. ராத்திரி தூங்கவிடாமல் தானாக வலிக்கிற பல்லுக்கும், வேர் நுனியில் நிழல் விழுந்த பல்லுக்கும் பொருந்தாது. பல்ப் உயிரோடு இருக்க வேண்டும். அதோடு ஓரம் முழுக்கக் கெட்டியாக இருக்க வேண்டும். ஓரத்தில் மெத்தென்று விட்டால் ஸீல் நிற்காது.

அந்த ஸீல் நிற்க இன்னொன்றும் வேண்டும். இரண்டாம் நாள் எல்லோரும் அவரவர் லைட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். சிமெண்டை இறுகவைக்கும் அந்த நீல லைட்தான். மீட்டரில் வைத்துப் பார்த்தோம். நானூறாவது காட்ட வேண்டும். என்னுடையது இருநூறைத் தாண்டவில்லை. முனையைப் பார்த்தால் பழைய சிமெண்ட் ஒட்டிக் காய்ந்து கிடக்கிறது. வெளிச்சம் நீலமாகத்தான் இருக்கிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மேலே கல் மாதிரி இறுகும், அடியில் வேகாத சோறு. "டாக்டரம்மா, நீங்க வெச்ச சிமெண்ட் விழுந்துட்டுது" என்று வந்தவர்களிடமெல்லாம், "கடலை மிட்டாய் கடிச்சீங்களா?" என்று அதட்டியிருக்கிறேனே! மிட்டாய் மேல் பழியைப் போட்டேன். குற்றவாளி என் கையில் இருந்தது.

2019-ல் அந்தப் பெண் வந்தாள். 23 வயது, கல்யாணம் ஆகிவிட்டது. பிடுங்கிய இடத்தில் பின்பல் சாய்ந்திருந்தது, மேல்பல் இறங்கியிருந்தது. இந்தத் தடவை எதிர்ப்பக்கக் கடைவாய்ப் பல்லில் அதே மாதிரி ஆழமான சொத்தை, அதே கூச்சம். ரப்பர் டாம் போட்டு, ஓரத்தைச் சுத்தம் செய்து, நடுவில் விட்டு, கிளாஸ் அயனோமர் வைத்து, மேலே காம்போசிட்டை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக வைத்து முடித்தேன். ஒரே நாள், ஒரே தடவை. அடுத்தடுத்து வந்து காட்டினாள். பல்ப் உயிரோடிருந்தது, வேர் நுனி சுத்தம்.

செய்து முடித்ததும் விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "அப்போ அந்தப் பல்லையும் இப்படிப் பண்ணியிருக்கலாமா டாக்டரம்மா?" என்றாள்.

"பண்ணியிருக்கலாம்மா. எனக்கு அப்போ தெரியலை" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. "சரி, அம்மாகிட்ட சொல்லுதேன்" என்று எழுந்து போனாள். என் தொழிலில் நான் வாங்கிய மார்க்கில் மிகக் குறைந்தது அதுதான்.

நண்பர்களே! நாம் யாரும் சோம்பேறிகள் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பல் அடைப்பு கைத்தொழில். கை ஒருமுறை கற்றதை லேசில் மறக்காது, அதுதான் அதன் பலம், அதுதான் அதன் ஆபத்து. வெள்ளி ஒட்டாது, அதனால் பல்லைப் பெட்டி மாதிரி வெட்டிக் கோக்க வேண்டும் என்று 1908-ல் ஜி.வி. பிளாக் புத்தகம் போட்டார். எனாமலில் ஆசிட் தடவினால் பிசின் ஒட்டும் என்று 1955-ல் புவனகோர் காட்டிவிட்டார். நாங்கள் படித்த காலத்தில் இரண்டையும் படித்தோம்; கை மட்டும் 1908-லேயே நின்றுவிட்டது. காதால் கேட்கும் லெக்சர் கையை மாற்றாது. கையைக் கையால்தான் மாற்ற வேண்டும், பக்கத்தில் ஒருவர் நின்று "இது சரியில்லை" என்று சொல்ல வேண்டும்.

அதனால் நம் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று: சங்கச் செலவில் லைட் மீட்டர் ஒன்று வாங்குவோம். பெரிய விலை இல்லை. ஊர் ஊராக, கிளினிக் கிளினிக்காக அது சுற்றி வரட்டும். பஸ் பார்சலில் அனுப்பினாலும் போதும்.

இரண்டு: ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆறு பேர், எட்டு பேர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு உட்காருவோம். ஜெயித்த கேஸ் வேண்டாம். விழுந்த அடைப்பு, திறந்த பல்ப், அதன் எக்ஸ்ரே, இவற்றைக் கொண்டுவருவோம். பிடுங்கிய பல்லில் செய்து பார்ப்போம். சொல்லிக் கொடுக்க ஜூனியர் வந்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்வோம்.

மூன்று: ஒரு நோட்டு. எந்தப் பல், என்ன செய்தேன், எப்படித் திரும்பி வந்தது. மூன்றே பத்தி. என்னிடம் இப்போது இருக்கிறது. அதன் முதல் வரியில் 2009-ஆம் வருஷத்துப் பல் ஒன்றை, தாமதமாக, எழுதி வைத்திருக்கிறேன்.

புள்ளி வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த பயிற்சிக்குப் போகும்போது சர்டிபிகேட் போட பையைக் கொண்டு போகிறவர்கள், அதே பையில் அவரவர் லைட்டையும் போட்டுக்கொண்டு போங்கள்.

சாப்பாடு ஆறுகிறது.